ஊர் ஊராகத் திரியும் பரதேசிகள் இன்னும் இருக்கிறார்களா?

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: பழைய கதைகளிலும் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் ஒரு ஆள் வருவான். தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு கோல், எந்த ஊர் என்று கேட்டால் "எல்லா ஊரும்தான்" என்பான். அப்படிப்பட்டவர்கள் இன்றைக்கும் உண்டா? சென்ட்ரல் எதிரிலும் பாரிமுனையிலும் ராத்திரி படுத்திருப்பவர்கள்தான் அவர்களா? இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. வீடில்லாமல் இருப்பது ஒன்று, ஓரிடத்தில் தங்காமல் இருப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பதில் கிடைக்காது. வீடில்லாதவர்கள் சென்னையில் ஆயிரக்கணக்கில் உண்டு. தங்காமல் திரிகிறவர்கள் குறைந்துபோனாலும் அற்றுப்போகவில்லை. ஆனால் நீங்கள் தேடுகிற பிளாட்பாரத்தில் அவர்கள் அநேகமாக இல்லை.

பிளாட்பாரத்தையே முதலில் பார்த்துவிடுவோம். வால்டாக்ஸ் ரோடு, என்.எஸ்.சி. போஸ் ரோடு, ராயபுரம் பக்கமெல்லாம் நடைபாதையில் இருக்கும் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறையாக அதே இடத்தில் இருப்பவை. பிள்ளை பிறந்தது, காது குத்தியது, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எல்லாம் அங்கேயே. மூட்டை தூக்குவது, மீன்பாடி வண்டி மிதிப்பது, பூக்கட்டுவது, கடை திறக்குமுன் வாசல் பெருக்குவது, பழைய பேப்பர் பிளாஸ்டிக் பொறுக்குவது என்று பிழைப்பு முழுக்க நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கிறது. அதனால்தான் அங்கே இருக்கிறார்கள். கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வீடு ஒதுக்கி அனுப்பினால் ஒரு பகுதியினர் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. விடிகாலை நாலு மணிக்கு பாரிமுனையில் மூட்டை இறக்க வேண்டியவர் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சலிப்பு போய்விடும். இடம் பெயர மறுப்பவர்களை நாடோடி என்று எப்படிச் சொல்வது? வாடகை வீட்டில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிற நம்மில் பலரைவிட அவர்கள் நிலையானவர்கள்.

சட்டம் இந்த வித்தியாசத்தை எப்படி நடத்துகிறது என்பதற்கு வாக்காளர் பட்டியல் நல்ல உதாரணம். வீடில்லாதவரும் படிவம் 6 கொடுத்துப் பெயர் சேர்க்கலாம், முகவரிச் சான்று தேவையில்லை. அதற்குப் பதிலாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் அவர் எழுதிக்கொடுத்த இடத்துக்கு ராத்திரியில் போய், ஆள் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி பார்த்தால் போதாது, மறுபடியும் போக வேண்டும். நடைபாதைக் குடும்பம் இந்தச் சோதனையில் தேறிவிடும். நேற்று திருத்தணி, இன்று காஞ்சிபுரம் என்று இருப்பவர் தேறவே மாட்டார். வீடில்லாதவரைப் பதிய அரசுக்கு ஒரு வழி இருக்கிறது, தங்காதவரைப் பதிய இல்லை. ஆதார், ரேஷன், முதியோர் உதவித்தொகை என்று எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான் வேறு வேறு ரூபத்தில் வரும்.

ஊர் சுற்றுகிறவன் பிழைக்க மூன்று வேண்டும். ராத்திரி முதுகு சாய்க்க ஒரு இடம், யாரென்று கேட்காமல் ஒரு வேளைச் சோறு, நாளைக்குப் போய்ச் சேர ஓர் ஊர். இந்த மூன்றையும் நம் ஊர் ஒரு காலத்தில் முறையாக ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ராமேஸ்வரம் போகிற பாதை நெடுக தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்கள் அதற்குத்தான். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802ல் கட்டிய முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. நடந்து வருகிறவனுக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து என்று எல்லாம் அதற்குள் இருந்தது. சென்னையில் 1782 வாக்கில் பஞ்சத்துக்காகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் கஞ்சித்தொட்டிதான் பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கே பட்டப்பெயர் ஆனது. வடசென்னைப் பெரியவர்கள் இன்றைக்கும் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள். வடலூரில் வள்ளலார் 1867 மே மாதம் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. பல சத்திரங்களில் மூன்று நாள் தங்கலாம், நாலாம் நாள் கிளம்ப வேண்டும் என்பது வழக்கம். அந்த மூன்று நாள் விதிதான் திரிகிறவனைத் திரிய வைத்தது, சோம்பேறி மடமாக ஆகாமலும் காத்தது. இன்று சத்திரங்களில் பல கல்யாண மண்டபமாகவும் கடை வரிசையாகவும் ஆகிவிட்டன. தெருத் திண்ணைக்குக் கம்பி போட்டாயிற்று, அல்லது திண்ணையே இல்லாத வீடு கட்டியாயிற்று.

மேல்நாட்டுக் கதையும் இதேதான் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வீடில்லாமல் நடந்தவர்களுக்கு ஏழைகள் விடுதியோடு ஒட்டிய ஒரு ராத்தங்கல் கொட்டடி இருந்தது. உள்ளே போனால் மறுநாள் கல் உடைக்க வேண்டும், அல்லது பழைய தார்க்கயிற்றைப் பிரித்து நார் எடுக்க வேண்டும். 1882 சட்டப்படி, ஒரு மாதத்துக்குள் அதே கொட்டடிக்குத் திரும்பினால் கூடுதல் நாள் அடைத்து வைத்து வேலை வாங்குவார்கள். ஆகவே அடுத்த ஊர்க் கொட்டடிக்கு நடந்தார்கள், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. "ஊர் சுற்றும் குணம்" என்று எழுதி வைத்ததில் பாதி அந்த விதி உண்டாக்கிய நடைதான். 1948ல் பழைய ஏழைச் சட்டம் ஒழிந்து உதவிப்பணம் வந்ததும் அந்த நடைக்கான காரணம் தேய்ந்தது. அமெரிக்காவில் சரக்கு ரயிலில் தொற்றி ஏறி அறுவடைக்கு அறுவடை போனவர்கள் வேறு ரகம். அவர்கள் வேலை தேடிப் போனவர்கள், சும்மா திரிகிறவனோடு தங்களைச் சேர்த்துச் சொன்னால் கோபம் வரும். அறுவடை இயந்திரம் அவர்கள் வேலையை எடுத்தது, தண்ணீருக்காக அடிக்கடி நின்ற நீராவி வண்டி டீசலானதும் ஏறி இறங்குவது கஷ்டமானது, திறந்த பெட்டிகளின் இடத்தில் பூட்டிய கண்டெய்னர்கள் வந்தன. அயோவா மாகாணத்தில் பிரிட் என்ற சிற்றூரில் 1900 முதல் அவர்களுக்கென ஒரு கூட்டம் நடக்கிறது, இப்போதும் ஆகஸ்ட் மாதம் கூடுகிறார்கள். அதில் உண்மையிலேயே ரயிலேறி வாழ்ந்தவர் சொற்பம், வேடிக்கை பார்க்க வருபவர் அதிகம்.

நம் பக்கம் சட்டம் செய்த வேலையும் சின்னதில்லை. வெள்ளைக்காரர்களிலேயே ஊர் சுற்றிகள் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கப்பலை விட்டு இறங்கிய மாலுமி, வேலை போன ரயில்வேக்காரன், ஆஸ்திரேலியக் குதிரைகளோடு வந்து திரும்பப் போகாத லாயக்காரன் என்று சென்னைத் தெருவில் பிச்சை கேட்டவர்களால் ஆட்சிக்கு மானக்கேடு என்று 1869லும் 1874லும் ஐரோப்பிய நாடோடிகளுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, பிடித்து அடைத்து, கப்பலேற்றி அனுப்பினார்கள். நம்மவர்களுக்குக் கிடைத்தது 1871 குற்றப் பரம்பரைச் சட்டம். 1911ல் அதைத் திருத்தி மெட்ராஸ் மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். உப்பு, தானியம் ஏற்றிக்கொண்டு மாட்டு வரிசையோடு போன கூட்டங்கள்கூடப் பதிவேட்டில் ஏறி, போலீஸுக்குச் சொல்லாமல் நகரக் கூடாதென்று ஆனது. சுதந்திரத்தை ஒட்டி அது போனாலும், ஊர் பேர் தெரியாத ஆள் என்றால் சந்தேகக் கேஸ் என்ற பழக்கம் காவல் நிலையங்களில் தங்கிவிட்டது. பிச்சை எடுப்பதற்கு எதிராக 1945ல் வந்த மெட்ராஸ் சட்டம் தனி. தில்லி உயர் நீதிமன்றம் 2018ல் அங்கே அமலில் இருந்த பிச்சைத் தடைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்றது. 2021ல் உச்ச நீதிமன்றமும், வேறு வழியில்லாமல் கையேந்துகிறவர்களை ஒரேயடியாக அப்புறப்படுத்தச் சொல்ல முடியாதென்று மறுத்தது. தில்லித் தீர்ப்பால் தமிழ்நாட்டுச் சட்டம் தானாக ரத்தாகிவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்றைக்கு நிஜமாகவே திரிகிறவர்கள் யார்? முதலில், காவி கட்டிய பண்டாரங்களும் சாமியார்களும். இவர்கள் இஷ்டப்படி சுற்றுவதாகத் தோன்றும், ஆனால் வருஷத்துக்கு ஒரு பாதை உண்டு, அதைத் திருவிழா காலண்டர் வகுக்கிறது. கார்த்திகைக்குத் திருவண்ணாமலை தீபம். தை மாதம் பூசத்துக்கு வடலூர் ஜோதி, அல்லது பழனி. மாசிமகத்துக்குக் கும்பகோணம், சித்திரைக்கு மதுரை, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம், புரட்டாசிக்குத் திருப்பதிப் பாதை, ஐப்பசி சஷ்டிக்குத் திருச்செந்தூர். இடைப்பட்ட நாளில் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலப் பாதை. பதினான்கு கிலோமீட்டரிலும் மக்கள் போடுவதை நம்பி அன்று ஒரு ராத்திரியில் கிடைப்பது மற்ற பத்து நாளுக்கு ஓடும். சாப்பாடு நேரத்தை வைத்துத்தான் அவர்கள் பொழுதே நகரும். ரமணாசிரமத்தில் முற்பகல் பத்தரை பதினொரு மணி வாக்கில் சாதுக்களுக்குச் சோறு. அறநிலையத்துறைக் கோயில்களில் மத்தியான அன்னதானத்துக்கு டோக்கன், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இந்தக் கோயில் அன்னதானத் திட்டம் 2002ல் வந்தது. ஒரு சத்திரம் மூடினால் போகிற சோற்றை ஓரளவு இது ஈடுகட்டுகிறது. படுக்கும் இடத்தைத்தான் ஈடுகட்ட எதுவும் வரவில்லை.

அப்படி ஒருவரின் மூட்டையைப் பிரித்தால் என்ன இருக்கும்? மாற்று வேட்டி ஒன்று, துண்டு இரண்டு, ஒரு போர்வை, மழைக்கும் தரைக்கும் ஆகிற மாதிரி பிளாஸ்டிக் ஷீட், மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு, தண்ணீர் பாட்டில், விபூதிப் பை, தீப்பெட்டி, கொசுவத்தி, ஒரு பட்டன் போன், பாலித்தீன் கவருக்குள் நாலாக மடித்த ஆதார் நகல். எல்லாம் சேர்ந்து ஐந்தாறு கிலோவைத் தாண்டாது. தாண்டினால் நடக்க முடியாது. உண்மையில் முழுக்க நடப்பவர் குறைவு. பாசஞ்சர் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் போவார்கள். டிக்கெட் பரிசோதகர் காவியைப் பார்த்துக் கண்டுகொள்ளாமல் விடுவது அவர் இஷ்டம், சட்டத்தில் அதற்கு இடமில்லை. 1989 ரயில்வே சட்டம் 138ஆம் பிரிவில் டிக்கெட் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும், ரயிலிலோ நிலையத்திலோ பிச்சை எடுக்க 144ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. கட்டக் காசில்லாதவரை அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுவதுதான் நடக்கிறது.

இந்த வாழ்க்கை முறிவது பெரும்பாலும் மூன்று இடத்தில். பாதம்: வெடிப்பில் புண் வந்து, கூடவே சர்க்கரையும் இருந்தால், இரண்டு மாதத்தில் விரல் போகும் நிலைக்கு வந்துவிடும். தொடர் மருந்து: காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், ஊர் மாறினால் விட்டுப்போகும். இப்போது காசநோயாளிக்கு அரசு பதிந்து தரும் நிக்ஷய் எண் இருந்தால் எந்த ஊர் அரசு மையத்திலும் தொடரலாம், ஆனால் அந்த எண்ணை எழுதிய சீட்டு தொலையாமல் இருக்க வேண்டும். மூன்றாவது திருட்டு. அசந்து தூங்கும்போது மூட்டையே போய்விடும், அதோடு ஆதாரும் போன் நம்பர்களும் போகும். இந்த மூன்றில் ஒன்று நடந்த பிறகுதான் திரிந்துகொண்டிருந்தவர் ஏதாவதொரு ஆஸ்பத்திரி வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ நிலைத்து உட்கார்ந்துவிடுகிறார். நீங்கள் நகரத்தில் பார்க்கும் வயதான காவி வேட்டிக்காரர்களில் சிலர் இப்படி நின்றுபோனவர்கள். காவி கட்டியவரெல்லாம் துறவியா என்று கேட்டால், இல்லை. குடும்பத்தில் ஒட்டாமல் கிளம்பியவர், கடனுக்கு ஓடியவர், மனைவி செத்த பிறகு வீடு கசந்தவர் எல்லாரும் அதற்குள் உண்டு. பார்த்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்க வேண்டிய அவசியமும் அவ்வளவாக இல்லை.

ஆனால் சென்னையில் "ஓரிடத்தில் தங்காமல் நடப்பவர்" என்ற இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்துகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சவுக்கார்பேட்டைக்கோ புரசைவாக்கத்துக்கோ போங்கள். வடநாட்டு ஜைனத் துறவிகள், ஆண்களும் பெண்களும், எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. வெறுங்கால், வெள்ளை உடை, கையில் மரக்கோலும் தரையைக் கூட்டும் நூல் துடைப்பமும், சில பிரிவினருக்கு வாயை மூடிய வெள்ளைத் துணி. காசைத் தொடுவதில்லை, சமைப்பதில்லை, வீடு வீடாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சாப்பிடுவார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பாடும் தண்ணீரும் கிடையாது. ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் நடப்பார்கள், விடிந்தும் விடியாத வேளையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் ஓரமாகப் போவதைப் பார்க்கலாம். மழைக்கால நாலு மாதம் மட்டும் ஒரே ஊரில் இருக்க வேண்டும், ஈர மண்ணில் பூச்சி புழுவை மிதித்துவிடக் கூடாதென்பதற்காக. தேராபந்த் பிரிவின் தலைவர் ஆசார்ய மகாசிரமண் 2018ல் அந்த நாலு மாதத்தை மாதவரத்தில் கழித்தார், தில்லியிலிருந்து கிளம்பி வருஷக்கணக்கில் நடந்து வந்த பிறகு. இவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து லாரிதான். அரைகுறை இருட்டில் வெள்ளை உடைக்காரர்கள் அடிபட்டு இறந்த சம்பவங்கள் நாடு முழுக்க உண்டு. அதனால் இப்போது ஒளிரும் சட்டை போட்ட இளைஞர்கள் முன்னும் பின்னும் கூட நடக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷப் பழைய வாழ்க்கை இன்றைய நெடுஞ்சாலையில் எப்படி நடக்கிறது? அடுத்த இருபது கிலோமீட்டரில் தங்க ஓர் இடமும், வாசலில் காத்திருக்கும் ஒரு குடும்பமும் முன்கூட்டியே ஏற்பாடாகி இருக்கிறது. சத்திரமும் திண்ணையும் செய்த வேலையை அந்தச் சமூகம் கைவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். நர்மதை ஆற்றை வலம் வருவதாக வேண்டிக்கொண்டு கரையோரமாகவே நடப்பவர்கள் இன்னும் இருப்பதும் கரையோரக் கிராமங்கள் மாவும் பருப்பும் கொடுப்பதை நிறுத்தாததால்தான்.

நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர், குடுகுடுப்பைக்காரர் எல்லாரையும் இந்தக் கேள்வியில் கொண்டுவந்து சேர்ப்பது வழக்கம். அவர்கள் தனியாள் பரதேசிகள் இல்லை. குடும்பத்தோடு, தொழிலோடு, சொந்தபந்தத்தோடு நகர்ந்த சமூகங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நரிக்குறவரின் வேட்டை குற்றமானது, பாசிமணியும் ஊசியும் மிஞ்சியது. காளையை வேடிக்கை காட்டும் விலங்குகளின் தடைப்பட்டியலில் 2011ல் சேர்த்தார்கள், அது மாட்டுக்காரர் தலையில் விழுந்தது. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழும் பள்ளிக்கூடமும் வேண்டுமென்றால் ஒரு தாலுகாவில் நிலைத்தாக வேண்டும், ஆகவே பெரும்பாலோர் நிலைத்துவிட்டார்கள். விற்கப் போகிறார்கள், திரும்பி வருகிறார்கள்.

தெருவில் குரல் கொடுத்து வந்த கைத்தொழில்காரர்கள் கதையும் அப்படித்தான். ஈயம் பூசுகிறவர் மரத்தடியில் சின்னக் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரி மூட்டுவார். பித்தளைப் பாத்திரத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவ வெள்ளைப் புகை எழும். அந்த நொடியில் ஈயக் குச்சியை ஒரு கீற்று வைத்துப் பஞ்சால் சுழற்றித் துடைத்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி ஏறிவிடும். சூடு குறைந்தால் திட்டுத் திட்டாக ஒட்டும், கூடினால் ஈயம் கருகும். எவர்சில்வர் வந்ததும் அந்தக் குழிக்கு வேலையில்லாமல் போயிற்று. அம்மி கொத்துகிறவரை மிக்சி அனுப்பியது. சாணை பிடிக்கிறவர் மட்டும் சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு மாறி இன்னும் வருகிறார், ராத்திரி வீட்டுக்குப் போய்விடுவார். வேலைக்காகப் பருவம் பார்த்து ஊர் மாறுகிறவர்களைத் தேடினால், மேற்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர்ச் செங்கல் சூளைக்கு வந்து, மழைக்கு முன் திரும்பும் குடும்பங்களையும், அறுப்பு முடிந்த வயல்களுக்கு வாத்து ஓட்டிப் போகிறவர்களையும் சொல்ல வேண்டும். இவர்களை யாரும் நாடோடி என்று பார்ப்பதே இல்லை.

எத்தனை பேர் என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கு எங்கும் எடுக்கப்படவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடில்லாதவரை ஒரே ராத்திரியில் எண்ணும். 2011ல் அது பிப்ரவரி 28 ராத்திரி. நாடு முழுக்க ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். 2001ஐவிடக் கிராமத்தில் குறைந்து நகரத்தில் கூடியிருக்கிறது. கோயில் மண்டபத்தில் படுத்திருந்தவர் அங்கேயே பத்து வருஷம் இருப்பவரா, விடிந்தால் கிளம்புகிறவரா என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. எனவே திரிகிறவர் இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக, நடைமுறைக்கு ஆகிற ஒரு விஷயம். அழுக்கு மூட்டைகளைச் சுமந்துகொண்டு, தனக்குள் பேசிக்கொண்டு, வெயிலில் நெடுஞ்சாலை ஓரம் நடந்துகொண்டே இருப்பவரைப் பார்த்து "பழைய காலத்துப் பரதேசி", "சித்தர்" என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பலர் மனநோயால் வீட்டைவிட்டு வந்து வழி தெரியாமல் போனவர்கள். வழக்கமாகத் திரிகிறவர் நிழலில் நடப்பார், தண்ணீரை விடமாட்டார், எங்கே சோறு கிடைக்கும் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். நோயாளிக்கு இந்த மூன்றும் தவறும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 100ஆம் பிரிவுப்படி இப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தக் காவல் நிலையத்தின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, வீடில்லாதவரானால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். பெண்களுக்காக 1993 முதல் பான்யன் அமைப்பும் இருக்கிறது. நோய் இல்லை, படுக்க இடம்தான் இல்லை என்றால் மாநகராட்சியின் 1913க்குச் சொல்லி இரவுக் காப்பகம் கேட்கலாம். ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி என்பது விதி. அழைத்துப் போகுமுன் அவர் மூட்டையை உள்ளே கொண்டுவரலாமா என்று காப்பகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டையை வெளியே விடச் சொன்னால் அவர் வரமாட்டார்.